கேண்டிடஃப்டுக்குக் கவாத்து

எங்கள் குன்னூர் வீட்டு வாசலில் அந்த ஆண்டு பங்குனி பாதியிலேயே கேண்டிடஃப்ட் பூத்துத் தொலைத்தது. அப்படி எழுதுவது அப்பூவுக்கு நான் இழைக்கும் அநீதி. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, ஒரு சாண் உயரத்தில், இலையே தெரியாதபடி பாத்தி முழுவதும் பொங்கி நின்றது. ஒவ்வொரு பூவிலும் நான்கே இதழ்கள். வெளிப்பக்கத்து இரண்டும் பெரியவை, உட்பக்கத்து இரண்டும் சிறியவை. கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் உறவான செடிக்கு இத்தனை ஒய்யாரம் எங்கிருந்து வந்தது என்று நான் காப்பியும் கையுமாக வியந்துகொண்டிருக்க, என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

மலர்க்கண்காட்சியை ஒட்டி நடக்கும் சிறு வீட்டுத் தோட்டங்களுக்கான போட்டியில் அவள் முதன்முறையாகப் பெயர் கொடுத்திருந்தாள். நடுவர் வர இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன. அதற்குள் இந்தப் பூக்கொத்துகள் நீண்டு, காய் பிடித்து, வைக்கோலாகிவிடும்.

"ஏனுங்க, ஒரு மாசம் முன்னாடியே சீவிச் சிங்காரிச்சுட்டு நின்னா யாருங்க பாக்கறது?"

பூக்களை மட்டும் மேலாகக் கத்தரித்தால் செடி மறுபடியும் பூக்கும் என்று விதைப் பொட்டலம் ஆறுதல் சொன்னது. ஆளுக்கொரு கத்தரிக்கோலுடன் பாத்தியின் இரு முனைகளிலும் அமர்ந்தோம். இருவருக்கும் கை வரவில்லை. "நீங்க வெட்டுங்க", "நீயே தொடங்கு" என்று நாங்கள் வழக்காடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் கையில் கத்தியோடு வேலியைத் தாண்டி வந்தார். அவர் எஸ்டேட்டில் கவாத்து வெட்டுபவர்; முதிர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்துப் புதிதாகத் துளிர்க்க வைப்பது அவர் தொழில்.

"இதுக்காங்க இத்தனை பஞ்சாயத்து? நகருங்கண்ணா."

நகர்ந்தோம். அதுதான் பிழை. என் மனைவி அவருக்குத் தேநீர் எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள், பாதிப் பாத்தி இரண்டு விரற்கடை உயரத்துக்கு, மட்டம் பிடித்தாற்போல் மொட்டையாகியிருந்தது. நானோ அவருடைய கத்தி வீச்சின் அழகில் சொக்கி நின்றிருந்தேன்.

"அய்யோ! ஏந் தம்பி, இதென்ன தேயிலையா?"

"செடின்னா செடிதானுங்கக்கா. அடியில எலை இருக்குதல்ல? வந்துரும்."

"வராட்டி?"

"வராட்டி தேயிலையே நட்டுத் தாரனுங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கோபத்தில் தேநீரை என்னிடம் நீட்டிவிட்டு, மீதிப் பாதியைத் தானே கத்தரிக்கோலால் நுனி நுனியாக வெட்டி முடித்தாள்.

நடுவர் வந்த நாளில் அவள் பாதி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது; மறுபாதியில் பச்சைத் துளிர்கள் மட்டுமே விறைத்து நின்றன. நடுவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். குனிந்து பார்த்ததும் அவர் மீசை சிரிப்பில் துடித்தது.

"இங்க கவாத்துக் கத்தி வந்துட்டுப் போயிருக்குதுங்களே."

பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் உப்புக் குறைந்திருந்தது.

மலர்க்கண்காட்சி முடிந்து, ஊரும் சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், அவள் என்னை உலுக்கி எழுப்பி வாசலுக்கு இழுத்துப் போனாள். மொட்டைப் பாதி பூத்திருந்தது. அதைப் பூத்தல் என்பது போதாது. ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு கிளைகள், கிளைதோறும் கொத்து. பட்டாம்பூச்சிகள் இறங்க இடமின்றி முட்டிக்கொண்டன. நாங்கள் இருவரும், இந்த வயதில், செருப்பில்லாமல் பாத்தியைச் சுற்றி வந்தோம். பின்னர் அவள் நடுவருக்குத் தொலைபேசினாள்.

"பரிசெல்லாம் குடுத்து முடிஞ்சுதுங்களேம்மா."

"பரிசு கெடக்குதுங்க. வந்து பாருங்க."

மாலையில் அவர் தம் மனைவியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். குனிந்து ஒரு தண்டின் கிளைகளை விரலால் எண்ணினார். பின்பு, பழக்க தோஷத்தால் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினார். போட்டி முடிந்தது நினைவுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து என் மனைவியிடமே கொடுத்தார். பத்துக்கு ஒன்பது.

"ஒண்ணு ஏனுங்க கொறஞ்சுது?"

"லேட்டுங்கம்மா."