கொலைகாரன் ஓடாவிதான்

துப்பறியும் கதை எழுதுகிறவளுக்கு அவளுடைய கதையை விரும்பி வாசிக்கிற மாமியாரைப்போலத் தொல்லை வேறில்லை. வெறுக்கிற மாமியார் என்றால் பத்திரிகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார். என் மாமி ஒரு வரி விடாமல் வாசிப்பார். வாசித்துவிட்டு ஊருக்குச் சொல்லுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கரவெட்டியில் நானும் மாமியும் மட்டும் இருந்தோம். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்தால் வருவார், அது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினேன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை எழுத்துக்குச் செலவழிக்க மனம் வராது. எனவே பின்னேரம் வந்ததும் வராததுமாய், மாணவர்களின் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில், வெளிச்சம் போவதற்குள் கொலையையும் துப்பையும் எழுதி முடிக்கவேண்டும்.

ஒருமுறை என் துப்பறிவாளர் காரில் வந்து இறங்கினார். உடனே வாசகர்கள் கடிதம் போட்டார்கள், அவருக்குப் பெற்றோல் எங்கே கிடைத்தது என்று. செத்தவன் யார், கொன்றவன் யார் என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் கதைகள் எல்லாவற்றையும் பெற்றோல் கிடைத்த எழுபதுகளுக்குத் தள்ளிவிட்டேன்.

நான் சொல்ல வந்த கதையில் நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கலியாணத் தரகர் கொலையுண்டு கிடக்கிறார். பக்கத்தில் ஓர் உளி. உளிக்குச் சொந்தக்காரன் அவ்வூர் ஓடாவி. கதவு, யன்னல் செய்கிறவன். வாசகர்கள் முதலில் அவனைச் சந்தேகிப்பார்கள். நடுவில் உளி களவு போயிருந்தது என்று காட்டி அவனை விடுவிப்பேன். கடைசியில் அவனேதான் கொலைகாரன். இப்படி ஒரு பின்னலைப் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாதிக் கதை வெளிவந்திருந்தபோது உடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் தேநீர் குடித்தபடி, ஓடாவிதானாமே கொலைகாரன் என்று சாதாரணமாகக் கேட்டார். தனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் தெரியவந்ததாம். சீனிக்கு நின்ற சனம் முழுவதற்கும் மாமி சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்ற முதல் கேட்டேன்.

"என்ரை தாளுகளை எடுத்து வாசிச்சனீங்களோ மாமி?"

மாமி சமையலறை வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "நான் ஏன் பிள்ளை உன்ரை தாளைத் தொடப்போறன்? குசினிக் கதவு இன்னும் வரேல்லைத்தானே."

எனக்கு விளங்கவில்லை. மாமியே விளக்கினார். முந்திய கதையில் கொலைகாரன் தையல்காரன். அந்த மாதந்தான் தைக்கக் கொடுத்த என் சட்டையில் கை இறுகிப்போனது. அதற்கு முந்தியதில் பஸ் கொண்டக்டர்; என்னை மழையில் விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்தவன். எனக்கு யாரில் கோபமோ அவன்தான் கொலைகாரன் என்பது, மாமி சொன்னபடி, கதையை வாசிக்காமலே தெரிகிற விஷயம்.

எங்கள் குசினிக் கதவின் அடியைக் கறையான் தின்றிருந்தது. திருத்தித் தருகிறேன் என்று கழற்றிக்கொண்டு போன எங்கள் ஊர் ஓடாவி திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தோம். அதை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆடு வந்து என் அத்தியாயத்தில் இரண்டு தாளைத் தின்றுவிட்டுப் போனது. அதைத் திரும்ப எழுதிய பின்னேரம் நான் அந்த மனிதரை நினைத்த நினைப்பு கதையில் வராமல் வேறெங்கே போகும்?

வரிசையில் நின்ற சனத்துக்கு வாய் இருந்தது. அடுத்த கிழமை ஓடாவி கதவைச் சைக்கிளில் சாய்த்துக் கட்டி உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆணி கிடைக்கவில்லையாம், பழைய ஆணிகளைக் கழற்றி நிமிர்த்தித்தான் வேலையை முடித்தாராம். பேசாமல் கதவைக் கொழுவினார். திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் ஏன் ரீச்சர் அந்தத் தரகரைக் கொல்லவேணும்?"

அது கதைதானே அண்ணை, உங்களை நினைத்து எழுதவில்லை என்று ஏதோ உளறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னால் அந்த முடிவை எழுத முடியவில்லை. கதவு வந்துவிட்டது, கோபம் போய்விட்டது. அந்த மனிதரை ஊர் முன்னால் கொலைகாரனாக்கிவிட்டேனே என்ற உறுத்தல் வேறு. கடைசி அத்தியாயங்களில் உளியைப் பிடுங்கி, கதையில் வந்த ஒரு மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதனால் அந்த மனிதர் கொலையை ஒப்புக்கொண்டது, கடையில் மருந்து இல்லை என்று சொல்வதுபோல இருந்தது. பத்திரிகை ஆசிரியர், முடிவு சப்பென்று இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆனாலும் போட்டுவிட்டார், பக்கத்தை நிரப்ப வேறொன்றும் கையில் இல்லையாம்.

முடிவு வெளிவந்து இரண்டு மூன்று நாளில் ஓடாவி மறுபடியும் வந்தார். கதவுக் கொண்டி சரியாக விழுகிறதா பார்க்க வந்தேன் என்றார். கொண்டியைப் பார்க்கவில்லை.

"ஏன் ரீச்சர் மாத்தினீங்கள்?"

"நீங்கள்தானே அண்ணை அண்டைக்குக் கவலைப்பட்டுக் கேட்டனீங்கள்."

"கவலையோ? நான் காரணம் கேட்டனான். தரகர் ஓடாவியின்ரை மகளின்ரை சம்பந்தத்தைக் குழப்பினவர் எண்டு நானும் மனிசியும் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள். சங்கக்கடையிலை சனமும் எனக்குக் கொஞ்சம் மரியாதையா விலகி நிண்டது. இப்ப மருந்துக்கடைக்காரன் எண்டுபோட்டியள்."

அவர் சொன்ன காரணம் நான் முதலில் வைத்திருந்த காரணத்தைவிட நல்லது. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. மூன்று மாதம் கட்டிய பின்னலை, யாரும் எதிர்பார்க்காத மன்னிப்பு ஒன்றைக் கேட்பதற்காக நானே பிரித்துப் போட்டிருக்கிறேன். அவரோ ஏமாந்துபோன வாசகராய், உளியை யாரோ தன்னிடமிருந்தே பறித்ததுபோல, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினார்.

மாமி எல்லாவற்றையும் குசினிக்குள் இருந்து கேட்டிருந்தார்.

"நான் சொன்னது சரியாத்தான் இருந்தது பிள்ளை. நீதான் பிழையாய் எழுதிப்போட்டாய்."

அடுத்த தொடருக்குப் பத்திரிகை ஆசிரியர் ஆள் அனுப்பியபோது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அச்சடிக்கத் தாள் வராததால் பத்திரிகையே சில கிழமைகள் நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமிதான் வரிசையில் நின்று கதைக்க ஒன்றும் இல்லாமல், சீனியை வாங்கிக்கொண்டு நேரத்தோடே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.