மூன்று தட்டு, இரண்டு தட்டு

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து பேசுகிறேன். எனக்கு எழுத வராது. நான் சாட்சி சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் சுற்றிச் சுற்றித்தான் வருவேன்.

போன ஆகஸ்ட் மாதம், மூன்று நாள் விடாத மழை. ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும் நேரம். என் மனைவி எஸ்தர் கோழிகளுக்குத் தீனி போட வீட்டுக்குப் பின்னால் போனாள். எங்கள் வெள்ளைச் சேவலைப் பற்றி ஆரம்பித்தால் இன்று முடியாது, விடுங்கள். திடீரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எஸ்தர் நின்ற இடத்தில் குழி. வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் தேடித் தோண்டி, பலகை போட்டு மண்ணால் மூடிய குழி. நாற்பது வருஷம் அதன் மேலேதான் துணி காயவைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு முனியப்பன் கயிறோடு ஓடி வந்தான். நந்திதுர்க் சுரங்கத்தில் என்னோடு வேலை செய்தவன். அவன் மனைவி ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறேன் என்றாள்.

“அவுங்க எதுக்கும்மா? நாங்க பாக்காத குழியா?” என்றேன்.

சுரங்கக்காரனின் திமிர் அது. அரை மணி நேரம் வீணாக்கினோம். நான் கால் வைத்த ஓரமெல்லாம் சரிந்து அவள் மேலேயே விழுந்தது. கடைசியில் அந்தம்மா என்னைக் கேட்காமலே போன் போட்டாள்.

சுரங்கக் கழிவு மண் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம் புல் பற்றினாலும், கிணற்றில் ஆடு விழுந்தாலும் வருகிற அதே ஐந்து பேர் வந்தார்கள். வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. ஏணி, பலகை, கயிறு எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடி வந்தார்கள். ஆபீசர் கன்னடக்காரர், சின்ன வயசு. முதல் வேலையாக என்னை இழுத்து அப்பால் நிறுத்தினார். குழியைச் சுற்றிப் பலகை விரித்து, அதன்மேல் படுத்துக் கூப்பிட்டார். டார்ச் அடித்தார். சேறுதான் தெரிந்தது. பதில் இல்லை.

செய்தி கேட்டு வந்த சபை மூப்பர் என் தோளைத் தொட்டார். “கர்த்தரோட சித்தம்னு மனச தேத்திக்கோங்க.”

“அத அவரு சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க” என்றேன்.

அங்கேயே நின்று சத்தமாக ஜெபித்தேன். “ஆண்டவரே, ரெண்டாயிரம் அடிக்குக் கீழ பாறை சரிஞ்சப்ப என்ன மேல தூக்கினீரு. இருபது அடியில கைய வுட்டுருவீரா? நான் ஒத்துக்க மாட்டேன். அவளக் குடுக்காம இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன்.”

அப்போதுதான் குழாய் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் இரும்புக் குழாய், வளைந்து குழிக்குள் இறங்கியிருந்தது. சுரங்கத்தில் ஆள் புதைந்தால் குழாயைத் தட்டிவிட்டுக் காது கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், ஷிப்ட் முடிந்து வரும்போது வீட்டு ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு தட்டுவேன், உயிரோடு வந்துவிட்டேன் என்று. எஸ்தர் உள்ளேயிருந்து கரண்டியால் பானையில் இரண்டு தட்டுவாள்.

ஆபீசரிடம் சொன்னேன். படிக்காத கிழவன் பேச்சு என்று அவர் தள்ளவில்லை.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க. யாரும் மாத்தாடக் கூடாது, சத்தமே கூடாது” என்றார். தெருவே அடங்கியது.

சுத்தியலால் குழாயில் மூன்று தட்டிக் காது வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினேன். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை ஆபீசர் குழாயில் காதை ஒட்டிவைத்துக்கொண்டார்.

“யஜமான்ரே, ரெண்டு. ரெண்டு தட்டு கேக்குது.”

முகமூடி மாட்டிக்கொண்டு அவரே கயிற்றில் இறங்கினார். சேறு நெஞ்சுவரை அழுத்தியதில் எஸ்தருக்குக் குரல் வரவில்லை. கையில் இருந்த தீனிக் கிண்ணத்தால் குழாயில் தட்டியிருக்கிறாள். மேலே கொண்டுவர மத்தியானம் ஆனது.

படுக்கவைத்ததும் என்னைப் பார்த்து, “நான் மொத தடவையே தட்டினேன். ஒனக்குத்தான் காது போச்சே” என்றாள். சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறையில் துளை போடும் இரைச்சல் கேட்ட காது இது. தட்டியது நான், கேட்டது அவர்.

“அவங்க சம்பளத்துக்கு வேல செஞ்சாங்க, இதுல சாட்சி சொல்ல இன்னா இருக்கு?” என்று சபையில் ஒருவர் கேட்டார். ஆண்டவர் காக்கி போடக் கூடாதென்று யார் சொன்னது? இதுவும் சாட்சிதான் என்று நான் சொல்வேன். செத்தாலும் இதையே சொல்வேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், அந்த ஐந்து பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். என் திமிர் முழுக்கப் போகவில்லை. உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதில் மட்டும் போய்விட்டது.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, தட்டுங்கள். பதில் உங்கள் காதில் விழவில்லை என்பதற்காக, பதிலே இல்லையென்று எழுந்து போய்விடாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் இன்றும் ஜன்னலில் மூன்று தட்டுகிறேன். அவள் திருப்பித் தட்டுவது எனக்குக் கேட்பதில்லை. கதவு திறக்கிறது.