பன்னிரண்டாவது பிஸ்கட்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள் என்று லிஃப்ட் மெக்கானிக் ஸ்பேனர் மாமா அடித்துச் சொல்வார். முதல் ஐந்து நிமிடம் பட்டனை அமுக்குவார்கள். அடுத்த ஐந்து நிமிடம் கட்டடத்துக்காரனைத் திட்டுவார்கள். அதற்கப்புறம் ஆண்டவனைக் கூப்பிடுவார்கள். இவர் மூச்சிரைக்க ஒன்பது மாடி ஏறி, உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து, இறங்கிப் போய்க் கதவைத் திறந்து விடுவார். வெளியே வந்த ஆள் மேலே பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "மேல இருந்தது நான்தான்யா" என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? முப்பது வருடம் இப்படியே போனால் யாருக்குத்தான் கடுப்பாகாது?

ஆக, கடவுளை விட்டுவிட்டு மனிதரை நம்புவோம் என்று சொல்லும் ஒரு மனிதநேய மன்றத்தில் அவர் சேர்ந்ததற்குத் தத்துவம் எல்லாம் காரணம் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

மன்றம் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. உட்கார்ந்தால் கீழே ஓடும் மெஷின் முதுகுத்தண்டில் அதிரும். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை குழந்தைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தரும் வகுப்பு. முதலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் நடத்தினார். நான்கே வாரத்தில் அத்தனை குழந்தைகளையும் தூங்கவைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டினார். அடுத்து யார் என்று கூட்டத்தில் கேட்டபோது ஆளாளுக்குச் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவினார்கள். ஸ்பேனர் மாமா அப்போது ஏணியில் நின்று மன்றத்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் இருப்பவர் எங்கே ஓடுவது? பதினாறு வருடம் ஆகிவிட்டது.

அவருடைய பாடத்திட்டத்தில் இரண்டே விஷயம். ஒன்று, எவர் எதைச் சொன்னாலும், அவரே சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். இரண்டாவது, பிஸ்கட் டின்.

மடக்கு நாற்காலிகள் அடுக்கிய சாமான் அறையில் அந்த டின் இருக்கும். குழந்தைகள் எத்தனை பேரோ அதைவிட ஒரு பிஸ்கட் கூடுதலாகப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். "மேல இருந்து எவனும் பாக்கல. கீழ இருந்தும் எவனும் பாக்கல. நீங்களாச்சு, உங்க கையாச்சு" என்பார். கடைசியில் அவர் போய் டின்னை எடுத்துவந்து திறந்து காட்டுவார். மிச்ச பிஸ்கட் ஒன்று கிரீம் பிதுங்கக் கிடக்கும். குழந்தைகள் கைதட்டுவார்கள். எல்லோரும் போன பிறகு அந்த மிச்சத்தை ஸ்பேனர் மாமா தின்றுவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவர் டாக்டர். சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, இனிப்பு கண்ணாலும் பார்க்கக் கூடாது என்றார். ஸ்பேனர் மாமாவின் மனைவி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. வகுப்பு முடியும் நேரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

அந்த முதல் ஞாயிறு, டின்னை எடுக்கச் சாமான் அறைக்குள் போன ஸ்பேனர் மாமா, பிஸ்கட்டைப் பார்த்தார். பிஸ்கட் அவரைப் பார்த்தது. காட்டிவிட்டு அப்புறம் தின்ன வழியில்லை. வாயில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து காலி டின்னைத் திறந்தபோதுதான் தான் செய்தது உறைத்தது. "அட, காணோமே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவரும் மனுஷன். அடுத்த வாரமும் தின்றார். அதற்கடுத்த வாரமும் தின்றார். இதுதான் கடைசி என்று ஒவ்வொரு தடவையும் மனதார நினைத்துக்கொண்டு தின்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், டாக்டர் தடை போட்ட அதே வாரம்தான் வகுப்பில் பதினோராவதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். பத்து வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால் பென்சில் என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். சேர்க்கும்போதே, "சாமி இருக்கோ இல்லையோ, ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் இவள யாராவது பாத்துக்கணும்" என்று பட்டென்று சொன்னவள். பழைய பள்ளிக்கூடத்தில் யாருடைய ஜாமெட்ரி பாக்ஸையோ எடுத்ததாகப் பென்சிலுக்குக் கை நீளம் என்ற பேச்சும் கூடவே வந்திருந்தது.

மன்றத்தின் செயலாளர் வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். இரண்டும் இரண்டும் நாலு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பென்சிலின் அம்மாவிடம் நாசூக்காக ஒரு வார்த்தை போட்டார். நாசூக்கு என்று அவர்தான் நினைத்துக்கொண்டார்.

நாலாவது ஞாயிறு, ஸ்பேனர் மாமா டின்னும் கையுமாக வெளியே வந்தபோது கூடத்தில் செயலாளர் நின்றார். கையில் ஒரு கேமரா பெட்டி. வாசலில் பென்சிலின் அம்மா, மகளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. ஸ்பேனர் மாமாவின் பல்லிடுக்கில் கிரீம். டின் காலி.

"சாமான் ரூம்ல இத மாட்டிடலாம் சார். யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார் செயலாளர்.

"தேவையில்ல" என்றாள் பென்சிலின் அம்மா. "இனிமே இவ வரமாட்டா. திருடின்னு பேர் வாங்கறதுக்கு ஆம்புலன்ஸ்லயே என்கூட உக்காந்திருக்கட்டும்."

பென்சில் நகரவில்லை. செயலாளரைப் பார்த்து, "நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நீ வந்ததுலேருந்துதானேம்மா காணாமப் போகுது."

"நான் வந்ததுலேருந்து மழையும்தான் பெய்யுது."

செயலாளர் திருதிருவென விழித்தார். வேறு நாளாக இருந்தால் ஸ்பேனர் மாமா பெருமையில் பூரித்திருப்பார். அன்று பல்லிடுக்குக் கிரீமை நாக்கால் துழாவினார். பென்சில் கரும்பலகைப் பக்கம் போய், அன்று சாமான் அறைக்குள் போனவர்கள் பெயரை வரிசையாக எழுத ஆரம்பித்தாள். மற்ற குழந்தைகள் எடுத்துக் கொடுத்தார்கள். பதினொரு பெயர். அதில் தன் பெயரும் ஒன்று. பிறகு சாக்பீஸை உதட்டில் தட்டிக்கொண்டு, "இன்னும் ஒருத்தர் விட்டுப்போச்சு" என்றாள்.

"நான்தான்" என்றார் ஸ்பேனர் மாமா. "நாலு வாரமா நான்தான் தின்னேன். இவ தொடவே இல்ல."

அந்தச் சமயம் பார்த்து, மணி பன்னிரண்டு ஆகியிருந்ததால், படியேறி வந்த மனைவியும் வாசலில் நின்றிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. செயலாளர் கேமரா பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பென்சில் ஸ்பேனர் மாமா எதிரே வந்து நின்றாள். "நாங்க கண்டுபிடிச்சிடுவோம்னு பயந்து சொன்னீங்களா மாமா, இல்ல சொல்லணும்னு தோணிச்சா?"

அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், பிஸ்கட்டுக்காக.

"தெரியலம்மா" என்றார். "பயம்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு நினைக்கிறேன்." பிறகு அவளுடைய அம்மாவிடம் திரும்பி, "தப்பு என்னோடது. அவள நிறுத்திடாதீங்க" என்றார். அம்மா தோளிலிருந்த பையைக் கழற்றி மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

என்ன தண்டனை என்பதைக் குழந்தைகளே பேசி முடிவு செய்தார்கள். வகுப்பை விட்டு அனுப்பலாம் என்றான் ஒருவன். அப்புறம் பேராசிரியர் வந்துவிடுவார் என்று இன்னொருத்தி சொன்னதும் அது உடனே கைவிடப்பட்டது. கடைசியில் பென்சில் சொன்னதுதான் நிலைத்தது.

அடுத்த ஞாயிறு ஸ்பேனர் மாமா குழந்தைகளோடு வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றார், அவர் மட்டும் பிஸ்கட்டைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. முறை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். டின்னில் ஒரே ஒரு பிஸ்கட். நாக்கில் எச்சில் ஊறியது. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. மூடியை அழுத்தி மூடி, டின்னோடு வெளியே வந்தார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டனையே அதுதான்: இனிமேல் டின்னை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பென்சில் தலை நிமிராமல் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஸ்பேனர் மாமாவுக்கு மூடியைத் திறந்து, "பாருங்க, இருக்கு" என்று கத்த வேண்டும்போல இருந்தது. டின்னை லேசாக ஆட்டிக்கூடப் பார்த்தார். உள்ளே பிஸ்கட் தடதடவென்று உருண்டது. ஒருத்தரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனைவி படியில் நின்றிருந்தார்.

"தின்னீங்களா?"

"இல்ல."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி படியிறங்கத் தொடங்கினார். ஸ்பேனர் மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார்.