பூட்டுக்கு விட்ட எண்ணெய்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்து இருபது. முதலில் கண்ணில் பட்டது பூட்டு. கூரையில் ஓடுகள் சரிந்திருந்தன. சன்னல் சட்டத்தில் வேப்பங்கன்று முளைத்திருந்தது. பூட்டில் மட்டும் துரு இல்லை. அதற்குக் கீழே கதவில் எண்ணெய் வழிந்து காய்ந்த கறை.

நான் வேலை பார்த்த நாளிதழ் எங்கள் ஊர்ப் பதிப்பை நிறுத்திவிட்டது. அதன்பின், பாழடைந்து கிடக்கும் வீடுகள் யாருடையவை என்று கண்டுபிடித்துத் தருகிறேன். வாங்கி விற்கிறவர்கள் அதற்குக் கூலி தருகிறார்கள். அடி அண்ணாமலையில் இருந்த இந்த வீட்டுக்காக வேங்கிக்கால் அரசு அலுவலகங்களில் பலமுறை அலைந்தேன். பட்டா, இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. வாரிசு யார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், அவர்களே புதிதாகக் குடிவந்தவர்கள்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. இங்கே பூட்டிய வீடானாலும் தீபத்தன்று வாசலை இருட்டாக விட மனம் வராது. குடும்பத்தில் யாராவது வந்து விளக்கு வைத்துவிட்டுப் போவார்கள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தேன். சந்து முனையில் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் சந்துக்குள் திரும்பவில்லை.

“இன்னா சார், பூட்டையே பாத்துனு இருந்தா தானா தொறந்துக்குமா?” என்றார் கடைக்காரர். “வூட்ல விளக்கு ஏத்தப் போவலையா?”

என் வீட்டில் நான் ஒருவன்தான். இன்னொரு டீ கேட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் கூடையுடன் வந்தார். வாசலைப் பெருக்கி அகல்களை வரிசையாக வைத்தார். நான் போய், வீட்டை வாங்க ஆள் இருக்கிறது, இது உங்களுடையதா என்று கேட்டேன்.

“எங்கப்பா வூடுங்க. நானு, எந்தம்பி, ரெண்டே பேருதான். என்னைக் கீழ்பென்னாத்தூர்ல குடுத்தாங்க. அவன் மெட்ராஸ்ல இருக்கான். அப்பா காரியத்தோட பேச்சு நின்னுபோச்சு. நான் கூப்ட்டா எடுக்கறதில்ல.” கொஞ்ச நேரம் என் கைப்பேசியைப் பார்த்தார். “நீங்க கூப்பிடுங்க சார். புது நம்பர்னா எடுப்பான். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன், கொரல மட்டும் கேட்டுக்கறேன்.”

அவர் சொன்ன எண்ணைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“என் வூடுதாங்க. என்ன ரேட்டுக்குக் கேக்கறாங்க?”

எதையும் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்வது பத்திரிகைப் பழக்கம்.

“கூடப் பொறந்தவங்க?”

“யாரும் இல்லீங்க. நான் ஒருத்தன்தான்.”

அந்தப் பெண் குனிந்து அகல்களில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றினார். நான் பேச்சை முடித்ததும் நிமிர்ந்தார்.

“தொண்டை கட்டியிருக்குது அவனுக்கு,” என்றார்.

மலை உச்சியில் தீபம் தெரிந்தது. சாலையிலிருந்து அரோகரா சத்தம் எழுந்து அடங்கியது. அவர் விளக்குகளை ஏற்றினார். பாட்டிலில் மிஞ்சிய எண்ணெயைப் பூட்டின் மேல் விட்டு, முந்தானையால் துடைத்தார்.

“வருசா வருசம் விடறது. வந்தான்னா தொறக்கணுமில்ல?”

வாங்க இருந்தவரிடம் வாரிசுகள் இரண்டு பேர் என்று மறுநாள் சொன்னேன். அக்காவும் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவேன் என்றார். அதைச் சொல்லத் தம்பியைக் கூப்பிட்டேன். அக்காவின் பெயரைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இப்போது என் எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் அவர் எடுப்பதில்லை.