டாக்டரிடம் சொல்லாத தம்பி

மேஸ்திரியின் கைகள் ரெக்சினை ஸ்பாஞ்சின் மேல் இழுத்துப் பிடித்திருந்தன. சீட் வேலையில் மூலைதான் கஷ்டம். கொஞ்சம் தளர்ந்தால் சுருக்கம் விழும், அதிகம் இழுத்தால் தையல் விடும். கட்டைவிரலால் நீவிவிட்டு ஆணி அடித்தார். அந்த சீட்டுக்குரிய வேனின் டிரைவர் வரும் நேரம் என்று நினைத்ததும் சுத்தியல் சறுக்கி விரலில் விழுந்தது.

டிரைவர் அவருடைய தம்பி. ஒரே அப்பா, வேறு அம்மா. கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். இவர்கள் இருவர் வாயில் மட்டும் வராத விஷயம். அப்பாவின் அந்த இன்னொரு வீட்டுப் பேச்சை எடுக்க மேஸ்திரியின் அம்மா விட்டதில்லை. அம்மா போன பிறகும் இவர் எடுக்கவில்லை. சீட் கிழிந்தால் டிரைவர் இவரிடம்தான் கொண்டுவருவான். வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.

போன மாதம் மேஸ்திரியின் அக்கா, "தலை பிளக்குது" என்று சமையலறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளை ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன்போல உப்பி வெடித்துவிட்டதாம். அப்பா போனதும் இதே நோயில்தான் என்றார் மேஸ்திரி, ஆஸ்பத்திரியில். டாக்டர் நிமிர்ந்தார்.

"குழாய்ச் சுவர் பலவீனம் சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா ஸ்கேன் பண்ணிப் பார்த்துடணும். சிகரெட்டும் பிரஷரும் சேர்ந்தா ஆபத்து கூடும். அப்பாவுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"அக்காவை விட்டா நான் மட்டும்தான்."

பழகின வாய் சொல்லிவிட்டது. இவர் ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டரிடம் இவர் சொன்னதைக் கூடவே இருந்து கேட்ட மனைவி, நிம்மதியாக மூச்சுவிட்ட உடனே கேட்டாள், "நீங்க மட்டும்தான்னா, அந்த டிரைவர் தம்பி யாருக்குப் பிறந்தாராம்?" அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்க இவருக்குக் கூசியது.

வேன் வந்து நின்றது. டிரைவர் வாயில் சிகரெட்.

"என்ன மேஸ்திரி, சீட்டைத் தைக்கிறீங்களா, தாலாட்டுறீங்களா? சாக்கு மேல உட்கார்ந்து ஓட்டி ஓட்டி, எனக்கே பின்னால ஒரு கவர் போடணும்போல இருக்கு."

"முதல்ல அந்த சிகரெட்டைக் கீழ போடு." மேஸ்திரி எழுந்தார். "அப்பாவுக்கு வந்ததுதான் அக்காவுக்கும் வந்தது. தலையில ரத்தக்குழாய் வெடிக்கிற நோய். உனக்கும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்கணும்."

டிரைவரின் சிரிப்பு நின்றது.

"எப்பத் தெரியும்?"

"அக்கா போன அன்னைக்கே."

"அன்னைக்கு உங்க தெருமுனையில நின்னேன். பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு உள்ள போயிட்டீங்க."

மேஸ்திரிக்குக் காதுமடல் எரிந்தது.

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லிட்டுப் போறது? சீட் தைக்கிறவர் அனுப்பினார்னா?"

"நான் கூட வர்றேன். அக்காவை விட்டா நான் மட்டும்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்டா. அது பொய்னு நானே சொல்றேன். நீ பக்கத்துல இருக்கும்போதே சொல்றேன்."

டிரைவர் சிகரெட்டைச் செருப்பால் நசுக்கினான். வெகுநேரம் நசுக்கினான்.

"நாளைக்குக் காலையில சவாரி இருக்கு. முடிச்சுட்டு வர்றேன். ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க."

மேஸ்திரி ஓரத்து நூலை நறுக்கி, சீட்டைத் துடைத்துத் தூக்கினார். டிரைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் மறுபக்கத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டான்.