கருந்துளையும் கவாத்தும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் அறிவியல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து அதை முழுசாகப் படிப்பவர்கள் பிழை திருத்துபவரும், கோம்பையில் திராட்சை போட்டிருக்கும் என் மச்சானும்தான். முன்னவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

போன மாதம் ராட்சதக் கருந்துளைகளைப் பற்றி எழுதி, அவற்றின் அருகே கொதிக்கும் பிளாஸ்மாவிலிருந்து காமா கதிர்கள் பூமியை நோக்கிப் பாய்ந்து வருகின்றன என்று கம்பீரமாக முடித்திருந்தேன். மறுநாள் மனைவி சொன்னாள்: "அண்ணன் கவாத்த நிறுத்திட்டாக. கதிரு வருதாம்ல?"

மலையைக் குடைந்து அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் பக்கம் கதிர் என்றாலே பயம். ஆனால் அந்த வாரம் கவாத்து செய்து கொடிகளை வெட்டிவிடாவிட்டால், காய்ப்பு தள்ளிப்போய்ப் பழம் மழையில் மாட்டி வெடித்துப்போகும். ஒரு போகமே போய்விடும். பஸ் பிடித்தேன்.

வெட்ட வந்த ஆட்கள் பந்தலடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மாப்ள. குண்டப் போட்டுட்டு நேர்ல பாக்க வந்தீகளா?" என்றார் மச்சான்.

"அது ரொம்பத் தூரம் மச்சான்."

"கேரளாவும் தூரந்தான். அங்கன பெய்யிற மழ இங்கன வரலையா?"

பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். கருந்துளையைச் சுற்றி விழும் வாயு சூடேறி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துவிடும். அதுதான் பிளாஸ்மா. அதற்குள் காந்தப்புலக் கோடுகள் இந்தக் கம்பிகள் மாதிரி ஓடும். அவை முறுக்கேறி அறுந்து மறுபடி சேரும்போது எலக்ட்ரான்கள் விசிறியடிக்கப்படும். கொடியின் பற்றுச்சுருள் கம்பியைச் சுற்றுவதுபோல அவை அந்தக் கோடுகளைச் சுற்றிப் பாயும்போது ரேடியோ அலை பிறக்கும். மிக வேகமான எலக்ட்ரான் ஓர் ஒளித்துகள்மீது மோதினால், அந்த ஒளித்துகள் காமா கதிராக எகிறும்.

"கம்பி அறுந்தா மூஞ்சியக் கிழிக்கும்னு எனக்கும் தெரியும். இங்கன வருமா வராதா, அதச் சொல்லுங்க."

"ரேடியோ அலை தரைவரைக்கும் வரும். ஒண்ணும் பண்ணாது. காமாவ மேலயே காத்து தடுத்துரும்."

"எப்பருந்து வருது?"

"மனுசனே இல்லாத காலத்துலருந்து."

மச்சான் பந்தலை அண்ணாந்து பார்த்தார். "அப்ப போன போகத்துக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"போன போகம் நல்லாத்தான காச்சுச்சு!" ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, கத்திரிய எடுங்கடா!" பிறகு என்னிடம், "இத எழுத்துல போட்டா என்ன, மை தீந்துருமா?"

வேலை கெட்டதற்கு ஈடாக என் கையிலும் ஒரு கத்திரி வந்தது. முதல் கொடியிலேயே காய்க்க வேண்டிய கணுக்களையும் சேர்த்து ஒட்ட வெட்டிவிட்டேன். மச்சான் கத்திரியைப் பிடுங்கிக்கொண்டு, ஆட்களுக்கு டீ வாங்கிவர என்னை அனுப்பினார். அந்தக் கொடி இந்தப் போகம் காய்க்காவிட்டால் கருந்துளை பொறுப்பல்ல.