அண்ணாந்து குடித்த மச்சாள்

"அக்காவ வீட்ட கொண்டுபோகச் சொல்லிப்போட்டாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். அடுப்பில் கூவைக்கிழங்கு மாக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இறக்குவதா விடுவதா என்று தெரியாமல் அகப்பையோடு நின்றேன். சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை. இரண்டாம் நாள் பூரணம் மச்சாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லோரும் அவருடைய நல்ல குணத்தையும் கோயில் பணிகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவருடைய தாடையையும் தொண்டையையும் பற்றி எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் என் விரல்கள் அங்கேதான் இருந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தாதிப் பயிற்சிக்குத் தெரிவான என் பேத்தி இதை வாசித்து எழுத்துப் பிழை மட்டும் திருத்தினாள். தொண்டையைப் பற்றிய இடத்தில் திருத்த ஒன்றுமில்லை என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மச்சாள் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. கடற்கரைப் பக்கம் செட்டிபாளையத்தில் தாய்வீட்டில் இருந்தார். புருஷன் இளவயதிலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் வாவியைக் கடந்து மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு வந்து, எருமைத் தயிர் வாங்கிக்கொண்டுபோய் விற்பார். துறையில் நின்று அவர் "ஓ... தோணி..." என்று கூப்பிட்டால் அக்கரையில் நாய்கள் எழும்பும். தோணிக்காரர் வந்து சேர்ந்ததும், "கத்தாதகா, மீனெல்லாம் கலையுது" என்பார். "மீன் கலைஞ்சாத்தான் நீ எழும்புவாய்" என்பார் மச்சாள்.

எங்கள் வளவுக்குள் வந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். செம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கும். ஒரு துளி நாடியில் வழியாது. கல்யாணமான புதிதில் நான் செம்பில் வாய் வைத்துக் குடித்ததைக் கண்டுவிட்டார்.

"என்னகா இது, கண்டுக்குட்டி போல? தலையத் தூக்கு. தண்ணி தானாப் போகும்."

தூக்கினேன். மூக்கால் வந்தது. "தம்பி, உனக்கு நல்ல பொண்டாட்டி. தண்ணி குடிக்கப் பழக்கவே ஒரு வருஷம் போகும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சுனாமி அன்று கடல் அவருடைய வீட்டையும் தயிர்ச் சட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனது. அவரை ஒரு தென்னையில் விட்டுப் போனது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தோம். குரல் மணலாய்க் கரகரத்தது. "கடலையே குடிச்சிட்டன் தம்பி. அதுவும் அண்ணாந்துதான்" என்றார். அழப் போன நாங்கள் சிரித்துவிட்டோம். அன்றே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கடலை விட்டுத் தள்ளி வந்தால் போதும் என்று நினைத்தோம்.

பிறகு படுவான்கரைக்குச் சண்டை வந்தது. ஊரோடு துறையை நோக்கி ஓடும்போது ஷெல் விழுந்தது. யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு துண்டு மச்சாளின் இடப்பக்கக் கீழ்த்தாடையை உடைத்துக்கொண்டு நாக்கின் அடிவரை போயிருந்தது. தொங்கிய தாடையைத் தூக்கி, என் சேலையைக் கிழித்து உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டினேன். செத்தவர்களுக்கு இப்படித்தானே கட்டுவோம் என்று நினைத்ததும் முடிச்சை உச்சியில் போடாமல் காதோரம் தள்ளிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். பல வாரம் குழாயால்தான் சாப்பாடு. கம்பி கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். அவர் பழக்கம் எனக்குத் தெரியாதா? பின்னந்தலையைத் தாங்கி அண்ணாத்திப் பிடித்து, உயரத்திலிருந்து ஊற்றினேன். முகம் நீலமானது. மூச்சு விசில் போல் இழுத்தது. தாதி மிஸி ஓடிவந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகைத் தாங்கினார்.

"ஆரம்மா தலையத் தூக்கினது?"

"நான்தான் மிஸி. அவ அப்படித்தான் குடிப்பா."

மிஸி பிறகு ஏசவில்லை. என் விரலைப் பிடித்து என் காதுக்கு முன்னால் வைத்தார். "வாயத் திறங்க. ஒரு குமிழ் ஓடுதா? தாடை மண்டையோட கொழுவிற இடம் அதுதான்." பிறகு கழுத்தைத் தொட்டு, "உள்ளுக்குள்ள ரெண்டு குழாய்" என்றார்.

"அது தெரியும் மிஸி. எத்தின கோழி வெட்டியிருப்பன். வளையம் வளையமா இருக்கிறது காத்துக்கு, வழுவழுப்பா இருக்கிறது தீனுக்கு."

"அப்ப பாதி படிச்சாச்சு" என்று சிரித்தார். "கோழியில காணாத ஒரு மூடி இருக்கு. அதுதான் மற்றப் பாதி."

மூச்சுக் குழாயின் வாசலில் சின்ன வெற்றிலை போல அந்த மூடி நிற்கிறது. நாம் விழுங்கும்போது நாக்கு பின்னால் தள்ளும், தொண்டை முடிச்சு மேலே ஏறி நாக்கின் அடியில் ஒதுங்கும், மூடி கவிழும். சோறும் தண்ணீரும் அதற்கு மேலால் வழுக்கிப் பின்குழாய்க்குப் போய்விடும். கண் இமைக்கிற நேரத்தில் இவ்வளவும் நடக்கிறது. மச்சாளின் நாக்கு நரம்பு அறுந்துபோனதால் முடிச்சு சுணங்கித்தான் ஏறும். தண்ணீர் சுணங்காது, மூடி கவிழுமுன் வாசலுக்குள் போய்விடும். தடிப்பான கஞ்சி என்றால் மெல்ல வரும். நாடியை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்தால் வாசலும் ஒடுங்கும். ஆகவே இனி அண்ணாந்து குடிக்கவே கூடாது. வெறுந்தண்ணீரும் கூடாது.

"எவ்வளவு நாளைக்கு மிஸி?"

"பாப்பம் அம்மா" என்றார். கொஞ்ச நாளில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

அகதி முகாமிலும், திரும்பி வந்த பிறகு வீட்டிலும், மூன்று வேளையும் ஒரே வேலை. இடக்கையால் நாடியைத் தாழ்த்துவேன். ஒரு கரண்டி கஞ்சி. இரண்டு விரலைத் தொண்டை முடிச்சில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். முடிச்சு ஏறினால் "ஏறிட்டு" என்பேன். பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு கோப்பை முடிய ஒரு மணித்தியாலம் போகும். தோணியைக் கூப்பிட்ட குரல் குழறிப்போனது. அவர் பேசுவது எனக்கு மட்டுந்தான் விளங்கும். முகாமுக்குத் தண்ணீர் பவுசர் வண்டி வந்து பெண்கள் முண்டியடிக்கும்போது, "எனக்கும் சேத்து ஒரு வாளி பிடிகா. பாக்கிறதுக்கு" என்பார்.

ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு செம்பு கிணத்துத் தண்ணி தா புள்ள. அண்ணாந்து ஒருக்காக் குடிச்சிட்டா, பிறகு கேக்கமாட்டன். குனிஞ்சு குனிஞ்சு மாடாப் போனன்."

"ஒண்ணா மச்சாள், கூடாது. நெஞ்சுக்குள்ள போயிடும்."

"நீ வாய் வைச்சுக் குடிச்சவள். உனக்கென்ன தெரியும்?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு துளி தண்ணீர் கொடுக்காமலே நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் வந்து போய், திரும்ப வந்தது. "உங்களில பிழையில்ல அம்மா, அவட எச்சிலே இறங்குது" என்றார் டாக்டர். கஞ்சியைத் தடிப்பாக்கலாம். எச்சிலை நான் என்ன செய்வேன்?

கடைசி நாள் பின்னேரம் சொந்தக்காரர் எல்லாம் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பாலும் கரண்டியுமாக வந்தார்.

"தள்ளுகா."

"ஊத்தாதங்க. மூச்சுக்குள்ள போகும்."

"இனி எதுக்குள்ள போனா என்ன? வாயில பால் படாம அனுப்பச் சொல்றியா? என்ட அக்கா அவ."

"உங்கட அக்காதான். விக்கி விக்கிப் போறதப் பாத்துக்கொண்டு நிப்பீங்களா?"

அவர் நின்றார். பால் கரண்டியிலிருந்து பாயில் சிந்தியது. நான் துணியை நனைத்து உதட்டை மட்டும் துடைத்தேன்.

மச்சாள் கண்ணைத் திறந்தார். பாலைப் பார்க்கவில்லை, சுவரோரம் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். பிறகு மெல்ல, யாரும் தாங்காமலே, நாடியை மேலே தூக்கினார். வாய் திறந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். செம்பு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. பழக்கப்பட்ட என் இடக்கை தானாகப் போய் அந்த நாடியைத் தாழ்த்தியது. அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. பொழுது சாயுமுன் மூச்சு நின்றுவிட்டது.

குளிப்பாட்டிய பிறகு தாடையைக் கட்ட வெள்ளைத் துணி கொண்டுவந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கிணற்றில் புதிதாக ஒரு வாளி அள்ளச் சொன்னேன். பின்னந்தலையைத் தாங்கி அண்ணாத்திப் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து செம்பைச் சரித்தேன். தண்ணீர் வாய்க்குள் நிறைந்து அப்படியே நின்றது. என்னை அறியாமல் இரண்டு விரல் தொண்டை முடிச்சுக்குப் போய்விட்டது. முடிச்சு ஏறும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"காணும் புள்ள, போதும்" என்று என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

மச்சாள், செம்பைக் கழுவிக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதில் யாரும் வாய் வைக்க விடமாட்டேன். நாடியைத் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். உங்களைக் குனியச் சொல்ல இனி நான் பக்கத்தில் இல்லை.